ஏலக்காய் மணத்த பேனா

சிகரெட்டை விட்ட பிறகுதான் எனக்கு நெஞ்சு கெட்டது. சைட்டில் இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். அப்படியென்றால் மறுபடி ஆரம்பித்துவிடு என்று ஒருவன் பாக்கெட்டை நீட்டவும் செய்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றுவிட்டது. நான் பட்டது என்னோடு முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ஷார்ஜாவின் ரோலா கடைத்தெருவில் இன்னும் யாராவது அந்தச் சின்ன பாட்டிலை வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகலாம். அவருக்குத் தெரிய வேண்டும்.

நான் ஷார்ஜாவில் ஏசி டக்ட் போடும் கம்பெனி ஒன்றில் ஃபோர்மேன். ஊர் அரியலூர்ப் பக்கம். குடியிருப்பு அஜ்மானில். ஒரு ஃபிளாட்டை பிளைவுட் பலகையால் தடுத்துத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். நடுத் தடுப்பில் நானும் என் மனைவி அமுதாவும். பால்கனியை ஒட்டிய தடுப்பில் நேசன் அண்ணன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஷார்ஜா துறைமுகத்துப் பக்கம் கப்பல் சாமான் கடையில் கணக்கு எழுதுகிறவர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், தனி ஆள். பலகைக்கு அந்தப் பக்கம் அவர் செய்தி கேட்டால் இந்தப் பக்கம் நாங்களும் கேட்போம். அவர்கள் ஊரில் சண்டை உச்சத்தில் இருந்த காலம். செய்தி முடிந்ததும் அவர் பால்கனிக்குப் போய் சிகரெட் பற்றவைப்பார். அந்தப் புகை நேரே எங்கள் துணிக்கொடிக்கு வரும். அமுதா முணுமுணுப்பாள், அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

இங்கே விசா புதுப்பிக்கும்போதெல்லாம் மெடிக்கல் உண்டு. ரத்தம் எடுப்பார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பார்கள். எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் காசநோயோ என்று சந்தேகம். காசநோய்தான் என்று முடிவானால் விசா கிடையாது, ஊருக்கு டிக்கெட். அதனால் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. மெடிக்கல் தேதி நெருங்கும்போது நெஞ்சைக் கழுவுவார்கள். கழுவுவது என்றால் சிகரெட்டை நிறுத்துவது, மஞ்சள் போட்டுப் பால் குடிப்பது, வாழைப்பழம் தின்பது. எக்ஸ்ரே எடுத்துவிட்டு வெளியே வந்ததும் வாசலிலேயே சிகரெட்டைப் பற்றவைப்பது. நுரையீரலை டீ கிளாஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நானும் கழுவத்தான் நினைத்தேன். ஆனால் இந்தத் தடவை ஒரேயடியாக விட்டுவிடுவது என்று அமுதாவிடம் சத்தியம் செய்திருந்தேன். அப்போதுதான் ரோலாவில் மொபைல் கவர் விற்கிற ஒரு கடையில் அந்தப் பேனாவைப் பார்த்தேன். எலக்ட்ரானிக் சிகரெட். பார்க்க இரும்புப் பேனா மாதிரி இருக்கும். வாயில் வைத்து இழுத்தால் நுனியில் சிவப்பு விளக்கு எரியும், புகை மாதிரி ஒன்று வரும். புகை இல்லை, வெறும் ஆவிதான் என்றான் கடைக்காரன். ஒரு பெட்டியில் இரண்டு பேனா. ஒன்றை நான் எடுத்துக்கொண்டு மற்றதை நேசன் அண்ணனுக்குக் கொடுத்தேன். அப்படிக் கொடுக்கச் சொன்னதே அமுதாதான். துணிக்காவது நிம்மதி என்றாள்.

கொஞ்ச நாளில் அதை விற்கக்கூடாது என்று தடை வந்துவிட்டதாகப் பேச்சு. பெட்டிகள் ஷோகேஸை விட்டு மேஜைக்கு அடியில் போயின. உள்ளே ஊற்றுகிற திரவம் மட்டும் லேபிள் இல்லாத பாட்டிலில், கண்ணுக்கு மருந்து விடுகிற பாட்டில் அளவில், கைக்குக் கை வந்தது. புதினா வாசம் எனக்குப் பிடிக்கவில்லை, பல் தேய்க்கிற மாதிரி இருந்தது.

“இலைச்சி மிலேகா, பாய்?” என்று கேட்டேன். ஏலக்காய் கிடைக்குமா என்று. இங்கே வந்த நாளிலிருந்து கடக் என்கிற கெட்டிப் பால் டீயில் அந்த வாசம் இல்லாமல் எங்களுக்கு வேலை ஓடாது.

கடைக்காரன் சிரித்தான். அடுத்த வாரம் போனபோது ஏலக்காய் இருந்தது. பாட்டிலைத் திறந்தால் பாயசம் மணத்தது. எங்கள் ஆட்கள் பலரும் அதைத்தான் கேட்டு வாங்கினார்கள். யார் கலக்குகிறார்கள், எதைக் கலக்குகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

இருமல் எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. சிகரெட் விட்டால் கொஞ்ச நாள் இருமும், அழுக்கு வெளியேறுகிறது என்றார்கள். சந்தோஷமாக இருமினேன். பிறகு சாயங்காலம் ஆனால் உடம்பு கதகதவென்று சுடும். பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. சைட்டில் இரண்டு மாடி ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. கிளினிக்கில் தூசி அலர்ஜி என்று மருந்து கொடுத்தார்கள். மருந்து தீர்ந்தது, இருமல் தீரவில்லை. அதற்குள் மெடிக்கல் நாள் வந்துவிட்டது.

முந்தின நாள், புதிதாக வாங்கி வைத்திருந்த முழு பாட்டிலை நேசன் அண்ணனிடம் கொடுத்தேன். “வச்சிருங்கண்ணே, மெடிக்கல் முடிஞ்சதும் வாங்கிக்கிறேன்” என்றேன். கையில் இருந்தால் இழுக்கத் தோன்றும் என்ற பயம்.

எக்ஸ்ரே அறையில் குளிர்ந்த தகட்டில் நெஞ்சை ஒட்டி நின்றேன். “சாஸ் லோ… ரோக்கோ” என்றார் டெக்னீஷியன். மூச்சை இழுத்துப் பிடி என்கிறார். இழுத்தேன். பிடிக்க முடியவில்லை, இருமிவிட்டேன். மறுபடி சொன்னார். மறுபடி இருமல். அந்த மனிதர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என் பேப்பரைத் தனியாக எடுத்து வைத்தார். தனியாக எடுத்து வைக்கிற பேப்பர் என்றால் என்ன என்று இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

இரண்டாவது எக்ஸ்ரேயும் அதையே சொன்னது. இரண்டு பக்கமும் கீழ்ப்பகுதியில் வெள்ளையாக நிழல். ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தனி அறை, சாத்திய கதவு. உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வந்தார்கள். சாப்பாட்டுத் தட்டை வாசலருகே மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு தப்பும் செய்யாமல் ஜெயிலுக்கு வந்த மாதிரி எனக்கு ஆத்திரம். யார்மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அமுதா என் விசாவில் இருப்பவள். என் விசா போனால் அவளுடையதும் போகும். அஜ்மானில் ஒரு நர்சரியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு அப்போதுதான் கிடைத்திருந்தது. ஊரில் வீட்டுக்குள்ளேயே இருந்தவள், முதல் சம்பளத்தில் தனக்கென்று ஒரு கைக்கடிகாரம் வாங்கிக்கொண்டாள். புருஷனுக்குக் காசநோயாக இருக்கலாம் என்று தெரிந்ததும் நர்சரியில் முடிவு வரும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது நியாயம். குழந்தைகள் இருக்கிற இடம். ஆனால் அதை என்னிடம் சொல்லாமல், தினமும் டியூட்டி முடித்து வருகிறவள் மாதிரி அதே நேரத்துக்கு ரசம் சாதத்தோடு பஸ் பிடித்து வந்தாள். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வந்தாள். எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்த அன்று அவள் கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிட முடியவில்லை.

“சளி டெஸ்ட்ல என்ன சொன்னாங்க?” என்று முகமூடிக்குள்ளிருந்து கேட்பாள்.

“இன்னிக்கு ஒண்ணு குடுத்திருக்கேன். நாளைக்கும் குடுக்கணுமாம்.”

“எதுவும் இருக்காதுங்க. உங்க பரம்பரைல யாருக்கும் இல்ல.”

பரம்பரைக்கும் காசநோய்க்கும் சம்பந்தம் இல்லை என்று அவளுக்கும் தெரியும். அது ஒட்டுகிற நோய். ஒரு ரூமில் பத்துப் பேர் படுக்கிற ஊரில் யாருக்கும் வரலாம்.

என்னைப் பார்த்த டாக்டர் கோழிக்கோட்டுக்காரர். கோயம்புத்தூரில் படித்தவர், தமிழ் நன்றாகவே பேசினார். முதல் நாளே கேட்டார், சிகரெட் பிடிப்பீர்களா என்று.

“விட்டுட்டேன் டாக்டர்” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. பொய் சொல்வதாக நான் நினைக்கவே இல்லை. என் கணக்கில் அந்தப் பேனா சிகரெட் இல்லை. சிகரெட்டை விட்டதற்கு அத்தாட்சி.

காலையில் எழுந்ததும் வருகிற சளியை டப்பாவில் பிடித்துக் கொடுக்க வேண்டும். அதில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு நாள் இல்லை என்றால் போதாது, திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். ஒவ்வொரு தடவையும் இல்லை என்றே வந்தது. ஆனால் கிருமி இல்லை என்றால் அந்த நிழல் எது? அது தெரியாமல் என் பேப்பர் நகராது. ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேன்சரா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. கேட்டு அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதை அமுதாவிடம் நான் எப்படிச் சொல்வேன் என்பதுதான் மனதில் ஓடியது.

அதன் பிறகு குழாய் விட்டுப் பார்ப்பது. பிராங்கோஸ்கோப்பி என்கிறார்கள். மூக்கு வழியாக மெல்லிய குழாயை நுரையீரலுக்குள் இறக்கி, கொஞ்சம் உப்புத் தண்ணீரை உள்ளே விட்டு, அதையே திரும்ப உறிஞ்சி எடுப்பார்கள். மரத்துப்போக மருந்து அடிப்பார்கள், வலி அவ்வளவு இல்லை. ஆனால் வேறொருவர் கை என் மூச்சுக்குள் இருக்கிறது என்ற உணர்வு இருக்கிறதே, அதை மறக்க முடியாது. நிஜமாகவே நெஞ்சைக் கழுவினார்கள் என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தண்ணீர்தான் விஷயத்தைச் சொன்னது. டாக்டர் வந்து, அமுதாவையும் உள்ளே கூப்பிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“டிபி இல்லை. கேன்சர் இல்லை. நுரையீரலுக்குள்ள எண்ணெய் இருக்கு” என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். நுரையீரலில் வேண்டாத பொருள் புகுந்தால் அதை விழுங்கிச் சுத்தம் செய்ய சில செல்கள் இருக்கின்றன. எனக்கு அந்தச் செல்கள் எல்லாம் கொழுப்பை விழுங்கி உப்பிப்போய்க் கிடக்கின்றனவாம். எண்ணெயை அவற்றால் ஜீரணிக்க முடியாது, அங்கேயே தங்கிப் புண்ணாகும். எண்ணெய் நிமோனியா என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மூக்கில் எண்ணெய் விடுகிற பழக்கம் உண்டா, தொண்டையில் எண்ணெய் விட்டுக் கொப்பளிப்பீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் இல்லை. தைலம் கூட நெற்றியில்தான் தடவுவேன்.

அமுதா மெதுவாகச் சொன்னாள். “இவரு சட்டைப் பாக்கெட்ல ஒரு கறை வருது டாக்டர். எந்த சோப்பு போட்டாலும் போகல. எண்ணெக் கறைதான் அப்படி இருக்கும். சமையல்ல பட்டிருக்கும்னு நெனச்சேன். ஆனா இவரு சமையக்கட்டுப் பக்கமே வர்றதில்ல.”

“பாக்கெட்ல என்ன வைப்பீங்க?” என்றார் டாக்டர்.

பேனா என்றேன்.

அவர் திட்டவில்லை. அந்தத் திரவத்தைப் பார்க்க வேண்டும் என்றார். என்னிடம் இருந்தவை எல்லாம் காலி பாட்டில்கள், எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன. முழு பாட்டில் ஒன்று நேசன் அண்ணனிடம் இருக்கிறது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அமுதா போன் செய்தாள். சாயங்காலம் டியூட்டி முடிந்து நேரே வந்தார். கையில் ஆரஞ்சுப் பழப் பை. மாடி ஏறி வந்த மூச்சு அடங்க வாசலிலேயே கொஞ்சம் நின்றார்.

பாட்டிலை எடுத்து என் கையில் வைத்தார். அடியில் மட்டும் கொஞ்சம் இருந்தது.

“கோவிக்காதையும் தம்பி” என்றார். “நீர் வைக்கத் தந்ததை நான் கேளாமல் பாவிச்சுப்போட்டன். என்ரை முடிஞ்சு போச்சு. நீர் வீட்டை வரேக்குள்ள புதுசு ஒண்டு வாங்கித் தருவன்.”

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். நான் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கொடுத்தபோது கழுத்துவரை இருந்தது.

டாக்டர் ஒரு துளியைக் காகிதத்தில் விட்டு விளக்குக்கு நேரே பிடித்தார். காகிதம் வடை மடித்த பொட்டலம் மாதிரி எண்ணெய் ஊறி, வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது. முகர்ந்து பார்த்தார். ஏலக்காய். இந்தத் திரவத்தில் சாதாரணமாக கிளிசரின் மாதிரி ஒன்றும் நிகோட்டினும் வாசனையும் இருக்கும், வாசனைக்கு யாரோ சமையல் எஸன்ஸை எண்ணெயோடு கலந்திருக்கலாம் என்றார். “திங்கறதுக்கு நல்லதா இருக்கிறதெல்லாம் மூச்சுல இழுக்க நல்லது இல்லை. வயிறு வேற, நுரையீரல் வேற.” எண்ணெய் மட்டும்தானா, வேறு விஷமும் இருக்கிறதா என்று கேட்டேன். தெரியாது என்றார். சோதித்துச் சொல்ல அவர்களிடம் வசதி இல்லை, எங்கே அனுப்புவது என்றும் தெரியவில்லை, இந்தச் சாமானே புதிது. ஒரு டாக்டர் தெரியாது என்று இவ்வளவு நேராகச் சொல்லி நான் கேட்டதில்லை. அது ஆறுதலாகவும் இல்லை.

பிறகு நேசன் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். “நீங்களும் ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்க.”

“எனக்கு ஒண்டுமில்லை டொக்டர். ஏசிக் குளிர் ஒத்துவரேல்லை, அவ்வளவுதான்.” சொல்லி முடிப்பதற்குள் இருமினார்.

எனக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள், புண் ஆறுவதற்கு. முக்கிய மருந்து அதை மறுபடி தொடாமல் இருப்பதுதான் என்றார்கள். தனி அறையிலிருந்து பொது வார்டுக்கு மாற்றினார்கள். முகமூடி இல்லாமல் அமுதா வந்து கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பில்லில் பாதியைக் கம்பெனி ஏற்றது, மீதிக்கு அவள் ஏதோ வழி செய்தாள். என்ன வழி என்று நான் கேட்கவில்லை, அவள் கையில் கடிகாரம் இல்லாததை மட்டும் பார்த்தேன். காசநோய் இல்லை என்று ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்ததும் அவளை நர்சரியில் கூப்பிட்டுக்கொண்டார்கள். ரொம்ப நாள் இழுத்தடித்து எனக்கு விசாவும் ஸ்டாம்ப் ஆனது.

கொஞ்சம் நடமாட முடிந்ததும் ரோலாவுக்குப் போனேன். சண்டை போட வேண்டும் என்றுதான் போனேன். கடைக்காரன் என் முகத்தைப் பார்த்ததுமே கையை விரித்தான். “கலாஸ் பாய், மாஃபி.” எல்லாம் முடிந்தது, சரக்கு இல்லை. என்ன கலந்தாய் என்று கேட்டேன். “கானே கா சீஸ் ஹை பாய். கேக் மே டால்தே ஹை” என்றான். தின்கிற பொருள்தான், கேக்கில் போடுவது என்று. அவன் ஏமாற்றுகிறவன் மாதிரி தெரியவில்லை. அவனும் அதை நம்பித்தான் விற்றிருக்கிறான். மனதில் போட்டு வைத்திருந்த சண்டையோடு அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டில் பலகைக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருந்த அமுதா கரண்டியை நிறுத்திவிட்டாள். “உங்க இருமல் மாதிரியே இருக்குங்க” என்றாள்.

அன்றே போய் அவரிடம் பேசினேன். பேனாவை அவர் ஆஸ்பத்திரிக்கு வந்துபோன அன்றே குப்பையில் போட்டுவிட்டிருந்தார். என்னைப் பார்த்த டாக்டரிடமே போகலாம், நானே கூட்டிப்போகிறேன் என்றேன்.

“வேண்டாம் தம்பி. எனக்கு விசா மெடிக்கல் வருது. அதுக்கு முன்னம் ஆஸ்பத்திரிப் பதிவிலை என்ரை பேர் ஏறக்கூடாது.”

“அண்ணே, டிபி இல்லன்னு நிரூபிக்கத்தான் போறோம். எனக்கு இல்லன்னு வரலையா?”

“உமக்கு நிரூபிக்கக் கம்பெனி நிண்டது, நாள் குடுத்தது. என்ரை கபீலுக்கு அந்தப் பொறுமை இல்லை. நிழல் எண்ட சொல்லுக் கேட்டாலே கான்சல் பண்ணிப்போடுவான். உம்மை அனுப்பினா பிளேனாலை இறங்கி பஸ் ஏறி வீட்டை போயிடுவீர். என்னை அனுப்பினா நான் எங்க போறது, சொல்லும்.”

கபீல் என்றால் விசாவுக்குப் பொறுப்பேற்கிற முதலாளி. அவர் ஊர்ப் பாதை மூடிக் கிடந்தது. கொழும்பில் இறங்கினால் அந்தப் பெயருக்கும் அந்த ஊருக்கும் என்ன கேள்வி வரும் என்று அவர் செய்தியில் கேட்டதை எல்லாம் நாங்களும் பலகை வழியாகக் கேட்டிருக்கிறோம். டாக்டரிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். எப்போது வந்தாலும் பார்க்கிறேன், ஆனால் விசாக்காரர்கள் முடிவில் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

நேசன் அண்ணன் நெஞ்சைக் கழுவத் தொடங்கினார். மஞ்சள் பால் குடித்தார். வாழைப்பழம் சாப்பிட்டார். அமுதா தினமும் பாலைக் காய்ச்சி, மஞ்சளும் மிளகும் போட்டு, பலகையைத் தட்டிக் கொடுப்பாள். ஏலக்காய் மட்டும் போட மாட்டாள். அந்தப் பாலால் பிரயோசனம் இல்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அவர் ஒருநாளும் மிச்சம் வைக்காமல் குடித்தார்.

மெடிக்கல் அன்று லீவ் போட்டுவிட்டுக் கூடவே போனேன். அதே கட்டடம், அதே வரிசை. என் ஆஸ்பத்திரிப் பேப்பர்களை எல்லாம் பையில் எடுத்துப் போயிருந்தேன், யாரிடமாவது காட்ட முடியுமோ என்று. அவர் நன்றாகச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். பெயர் கூப்பிட்டதும் பர்ஸை என் கையில் கொடுத்தார்.

“இண்டைக்கு நல்லாத்தான் இருக்கு தம்பி. காலமை எழும்பினதிலயிருந்து ஒருக்காலும் இருமேல்லை.”

கதவு மூடியது. நான் வெளியே சுவரோரம் நின்றேன். உள்ளே டெக்னீஷியனின் குரல் தெளிவாகக் கேட்டது.

“சாஸ் லோ.”

நானும் இழுத்தேன்.

“ரோக்கோ.”

நானும் பிடித்தேன். எனக்கு இப்போது பிடிக்க முடிகிறது. நெஞ்சில் எந்த அடைப்பும் இல்லை, வேண்டுமட்டும் பிடிக்கலாம். அவருக்கும் சேர்த்து நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே இருமல் கேட்டது.